குறுக்குப் பிடித்துக்கொண்டதா? வேலையிடத்தில் சுமை தூக்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

கிடங்கில் ஒன்பது வருடம் லோடு இறக்கினேன். அதில் இரண்டு முறை குறுக்குப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் கிடந்திருக்கிறேன். அதன்பிறகு வேலையிடப் பாதுகாப்புப் பக்கம் வந்துவிட்டேன். இப்போது தூக்குபவர்களும் தூக்கச் சொல்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டியது மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும்தான்.

ஒரே ஒரு பெட்டியைத்தான் தூக்கினேன். ‘டக்’கென்று பிடித்துக்கொண்டது. அந்தப் பெட்டிதான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. அந்தப் பெட்டியின்போது வலி வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, முதுகிலும் அதுதான் நடக்கிறது. ஒவ்வொரு முறை குனிந்து தூக்கும்போதும் முதுகெலும்பின் தட்டுகளிலும் மூட்டுகளிலும் நுண்ணிய தேய்மானம் விழலாம். ஓய்வு கிடைத்தால் உடம்பு அதைச் சரிசெய்துவிடும். சரிசெய்வதைவிட வேகமாகச் சேதம் சேர்ந்தால், என்றோ ஒரு நாள் மிகச் சாதாரண அசைவிலேயே பிடித்துக்கொள்ளும். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்து அப்படியே நின்றுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் பேனாவைக் குறை சொல்வதில்லை. பெட்டியாக இருந்தால் மட்டும் “தப்பாத் தூக்கிட்ட” என்று தூக்கியவர்மீது பழி விழுந்துவிடுகிறது.

திடீர் விபத்தாக நேர்வதும் உண்டு. கால் வழுக்கும், பிடித்த சுமை நழுவும், கூடத் தூக்கியவர் சொல்லாமல் விட்டுவிடுவார். அந்த நேரத்தில் தசை தயாராகும் முன்பே முழு எடையும் ஒரு பக்கமாக வந்து இறங்குகிறது. இப்படி நேர்வதுதான் உண்மையிலேயே ‘ஒரே அடி’ காயம்.

உள்ளே எதில்தான் அடிபடுகிறது?

அடிமுதுகில் ஐந்து எலும்புகள். இரண்டிரண்டுக்கு நடுவே ஒரு டிஸ்க், மேலே சொன்ன தட்டு இதுதான். டிஸ்கின் வெளிப்பகுதி, நார்களை வளையம் வளையமாகச் சுற்றியது போல இருக்கும். உள்ளே கூழ் போன்ற பகுதி. பின்னால் இரு பக்கமும் சிறு மூட்டுகள், அவற்றைச் சுற்றி எலும்புகளை இணைக்கும் நார்கள், மேலே நீளமான முதுகுத் தசைகள். வலி இவற்றில் எதிலிருந்தும் வரலாம். ஆனால் எதிலிருந்து வருகிறது என்று உறுதியாகச் சுட்டிக்காட்ட பெரும்பாலான சமயம் எந்தப் பரிசோதனையாலும் முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அடிமுதுகு வலிகளில் சுமார் 90 சதவீதம் ‘குறிப்பிட்ட காரணம் சொல்ல முடியாதவை’ என்ற வகையில்தான் வருகின்றன.

வாயுப் பிடிப்பு, சுளுக்கு, ஜவ்வு விலகல் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ‘டிஸ்க் விலகிவிட்டது’ என்ற பேச்சு மட்டும் எனக்கு உறுத்தலாக இருக்கும். டிஸ்க் தட்டுபோல நழுவி வெளியே வருவதே இல்லை. மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. வெளி வளையம் பலவீனப்பட்ட இடத்தில் புடைக்கும், சிலருக்குக் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் கொஞ்சம் பிதுங்கும். பிதுங்கியது நரம்பைத் தொட்டால் பிட்டம் வழியாகக் கால்வரை மின்சாரம் பாய்வது போல வலி இறங்கும். சயாட்டிகா என்பது அதைத்தான். பெரும்பாலும் கீழே உள்ள இரண்டு டிஸ்குகளில்தான் இது நடக்கிறது, ஏனென்றால் மேலுடம்பின் பாரம் முழுவதும் அங்கேதான் போய் நிற்கிறது.

20 கிலோ பெட்டிதானே, முதுகுக்கு அதில் என்ன பெரிய பாரம்?

எடையைவிடத் தூரம்தான் முதுகை வாட்டுகிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுத்தாங்கி உங்கள் அடிமுதுகு டிஸ்க். ஒரு பக்கம் கையில் பெட்டி. மறுபக்கம் பெட்டி கீழே சாயாமல் இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசை. அந்தத் தசை டிஸ்கிலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. பின்னால்தான் இருக்கிறது. பெட்டியோ 40 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். எட்டு மடங்கு வித்தியாசம். 20 கிலோ பெட்டியைச் சமன்செய்யத் தசை 160 கிலோவுக்கு இழுக்க வேண்டும். இழுக்கும் தசையின் விசையும் டிஸ்க்மீதே அழுத்துகிறது. இதோடு குனிந்த மேலுடம்பின் எடையையும் சேருங்கள். அதே பெட்டியை வயிற்றோடு ஒட்டி 20 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 160 என்பது 80 ஆகிவிடும். பெட்டி அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1990களின் கடைசியில் ஜெர்மனியில் வில்கே என்ற ஆய்வாளரின் குழு, ஒரு தன்னார்வலரின் டிஸ்குக்குள் அழுத்தமானியை வைத்து ஒரு நாள் முழுக்க அளந்தது. சாதாரணமாக நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றால் 1.1. அதையே நெஞ்சிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 1.8. ஒரே ஆளிடம் எடுத்த அளவு என்பதால் இந்த எண்களை எல்லோருக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் தள்ளிப் பிடிக்கப் பிடிக்க அழுத்தம் ஏறுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சரி, எத்தனை கிலோ வரை தூக்கலாம்?

ஒரே எண்ணாகச் சொல்லுங்கள் என்பார்கள். சொல்லலாம், ஆனால் அந்த எண் உங்களை ஏமாற்றிவிடும்.

அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் திருத்தி வெளியிட்ட கணக்கு 23 கிலோவில் தொடங்குகிறது. பிரிட்டனின் வழிகாட்டுதல் ஆண்களுக்கு 25, பெண்களுக்கு 16 என்கிறது. இரண்டுமே எல்லாம் சாதகமாக இருக்கும்போது மட்டும்தான், அதாவது சுமை இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டி, திரும்பாமல், எப்போதாவது ஒரு தடவை. பிரிட்டன் கணக்கிலேயே தரையிலிருந்து கை நீட்டித் தூக்குவதாக இருந்தால் 25 என்பது 5 ஆகவும், 16 என்பது 3 ஆகவும் இறங்கிவிடுகிறது.

நியோஷ் கணக்கை ஒரு சாதாரண வேலைக்குப் போட்டுக் காட்டுகிறேன். பெட்டி தரையில். பிடிக்கும் இடம் தரையிலிருந்து 15 செ.மீ. கைக்கும் கணுக்காலுக்கும் இடைவெளி 40 செ.மீ. தூக்கி 60 செ.மீ. மேலே, 45 டிகிரி பக்கவாட்டில் திரும்பி ஒரு மேசையில் வைக்கிறீர்கள். எந்தக் கிடங்கிலும் நாள் முழுக்க நடப்பதுதான்.

தொடக்கம் 23 கிலோ. 40 செ.மீ. தள்ளி இருப்பதால் 14.4 ஆகிறது. தாழ்வாக இருப்பதால் 11.8. 60 செ.மீ. ஏற்ற வேண்டியிருப்பதால் 10.6. திரும்புவதால் 9. இதை நிமிடத்துக்கு நான்கு தடவை, ஷிப்டு முழுக்கச் செய்தால் 4 கிலோ!

23இல் ஆரம்பித்து 4இல் வந்து நிற்கிறோம். அதே நிமிடத்துக்கு நான்கு தடவையை வைத்துக்கொண்டு, பெட்டியை இடுப்பு உயர மேசைக்கு ஏற்றி, உடம்பருகே கொண்டுவந்து, திரும்பவும் உயர்த்தவும் தேவையில்லாமல் செய்துவிட்டால் அது 10 கிலோவுக்கு மேல் ஏறுகிறது. தூக்குபவருக்குப் புதிதாக ஒரு தசைகூட வளரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பார்கள். நாட்டுக்கு நாடு வேறுபடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் இதற்கென்றே 127ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. ஒரு தொழிலாளியின் உடல்நலத்தைக் கெடுக்கக்கூடிய எடையைத் தூக்க வைக்கக் கூடாது என்பதும், பெண்களுக்கும் இளம் வயதினருக்கும் வரம்பு குறைவாக இருக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். கூடவே வந்த பரிந்துரை வயதுவந்த ஆணுக்கு 55 கிலோவை உச்சமாகச் சொன்னது. இன்றைய கணக்குகளோடு ஒப்பிட்டால் அது மிக மிக அதிகம். ‘சட்டப்படி சரி’ என்பதும் ‘முதுகுக்குச் சரி’ என்பதும் ஒன்றல்ல.

முட்டியை மடக்கு, முதுகை நேராக வை என்றுதானே சொல்லித் தருகிறார்கள்? அது தப்பா?

தப்பில்லை. ஆனால் அது தாங்க முடியாத அளவுக்கு அதன்மீது நம்பிக்கையை ஏற்றிவைத்திருக்கிறோம்.

மேலே சொன்ன ஜெர்மன் அளவீட்டில் 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது அழுத்தம் 2.3, முட்டியை மடக்கித் தூக்கியபோது 1.7. ஆக வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வளைத்துத் தூக்குபவர்களுக்குத்தான் வலி அதிகம் வருகிறதா என்று தேடினால் பதில் அவ்வளவு தெளிவாக இல்லை. 2020இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, தூக்கும்போது முதுகு எவ்வளவு வளைகிறது என்பதற்கும் முதுகு வலிக்கும் தொடர்பு இருப்பதாக நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை என்று முடித்தது.

நடைமுறைச் சிக்கல் வேறு. பெட்டி அகலமாக இருந்தால் மடக்கிய முட்டி குறுக்கே நிற்கும். பெட்டியை முட்டிக்கு வெளியே நீட்டிப் பிடிக்க வேண்டிவரும். தூரம் கூடிவிட்டது, போங்கள். ஒரு ஷிப்டில் ஐந்நூறு தடவை உட்கார்ந்து எழுந்தால் தொடை வெந்துவிடும். மூன்றாவது மணி நேரத்தில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். சுவரில் ஒட்டிய படத்தில் இருப்பவர் ஒரே ஒரு பெட்டியைத்தான் தூக்குகிறார்.

அப்படியானால் எப்படித்தான் தூக்குவது?

தூக்கும் முன்பு பெட்டியை உங்கள் பக்கம் இழுங்கள். இழுப்பதற்கு ஆகும் நேரம் ஒரு நொடி. மிச்சமாவது பாதிச் சுமை. பெட்டியைப் பாதங்களுக்கு நடுவே கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. முட்டியும் இடுப்பும் இரண்டும் கொஞ்சம் மடங்கட்டும், உங்களுக்கு வசதிப்படும் அளவுக்கு. வெடுக்கென்று இழுக்காமல் சீராகத் தூக்குங்கள். திசை மாற வேண்டுமென்றால் இடுப்பைத் திருகாதீர்கள், காலை எடுத்து வையுங்கள். குனிவதும் திருகுவதும் ஒன்றாகச் சேரும் இடம்தான் எனக்குப் பயம்.

நீளமான, ஆழமான தொட்டிக்குள்ளிருந்து சின்னப் பொருளை எடுக்கிறீர்களா? ஒரு கையால் தொட்டி விளிம்பில் ஊன்றிக்கொண்டு, எதிர்ப்பக்கக் காலைப் பின்னால் தூக்கி, மறு கையால் எடுக்கலாம். கோல்ஃப் ஆடுபவர்கள் குழியிலிருந்து பந்தை எடுக்கும் விதம் அது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், முதுகுக்கு இதம்.

இடுப்பு பெல்ட் போட்டால் பாதுகாப்பா?

இல்லை. 1994இலேயே நியோஷ், காயம் இல்லாதவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனமாக பெல்ட்டைப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. பிறகு சரக்கு கையாளும் 9,000-க்கும் மேற்பட்ட கடைத் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்விலும், பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் முதுகுக் காயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. போட்டால் தைரியம் வருகிறது, அதனால் இன்னும் கனமாகத் தூக்கத் தோன்றுகிறது என்பதுதான் என் குறை. மருத்துவர் குறிப்பிட்ட காரணத்துக்காகப் போடச் சொன்னால் அது தனிக் கதை.

வருடா வருடம் பயிற்சி வகுப்பு நடத்துகிறோம். அது போதாதா?

நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் நடத்தினார்கள். காலையில் ஒரு மணி நேரம் படம் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பத்தரைக்கு எங்களை லாரிக்குள் அனுப்பினார்கள். லாரிக்குள் கூரை தலையில் இடிக்கும், மூட்டை முட்டிக்குக் கீழே கிடக்கும். படத்தில் பார்த்த எதையும் அங்கே செய்ய இடமில்லை.

2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வும், தூக்கும் முறையைக் கற்றுத்தருவது மட்டும் முதுகு வலியைத் தடுப்பதற்கு ஆதாரமில்லை என்றுதான் சொன்னது. பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிராலியின் பிரேக் எங்கே, நோயாளியைத் தூக்கும் இயந்திரத்தை எப்படி மாட்டுவது, இந்தப் பெட்டியில் கனமான பக்கம் எது என்று அந்தந்த வேலைக்கான பயிற்சி பலன் தரும். பொதுவான ‘நிமிர்ந்து தூக்கு’ வகுப்பு கோப்பில் ஒரு தாளைச் சேர்ப்பதோடு சரி.

எங்களிடம் கனமே இல்லை, மூன்று நான்கு கிலோ பொட்டலங்கள்தான். ஏன் எல்லோருக்கும் முதுகு வலி?

மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். 4 கிலோவே எல்லையாகும் வேலையும் உண்டு. எண்ணிக்கையை எழுதிப் பாருங்கள்: ஆளுக்கு மணிக்கு 240 பொட்டலம், ஒவ்வொன்றும் 4 கிலோ என்றால் எட்டு மணி நேரத்தில் ஏழரை டன்னுக்கு மேல் கைமாறுகிறது. பொட்டலத்தைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் சொந்த மேலுடம்பையும் குனிந்து நிமிர்த்துகிறீர்கள், அது பொட்டலத்தைவிடப் பல மடங்கு கனம். கையில் ஒன்றுமில்லாமல் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தாலே வலிக்கும்.

காலையில்தான் அதிகம் பிடித்துக்கொள்கிறது. மனப்பிரமையா?

இல்லை. இரவு படுத்திருக்கும்போது டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் மாலையைவிட ஒன்றிரண்டு செ.மீ. உயரமாக இருப்பது இதனால்தான். உப்பிய டிஸ்க் விறைப்பாக இருக்கும், குனியும்போது அதிகம் இழுபடும். எழுந்த முதல் இரண்டு மணி நேரம் அடியோடு குனிவதைத் தவிர்க்கச் சொல்லி நீண்டகால முதுகு வலிக்காரர்களிடம் செய்த சோதனையில் வலி நாட்கள் குறைந்தன. அதிகாலை ஷிப்டில் முதல் வேலையாகத் தரையிலிருக்கும் சரக்கை எடுக்க வைக்காமல், மேசை உயர வேலையை முதலில் கொடுக்கலாம். காசு செலவில்லை.

வாகனம் ஓட்டிக்கொண்டு போய்ச் சரக்கும் இறக்குபவர்களுக்கும் இதே மாதிரிதான். மணிக்கணக்காக அதிர்வில் கூன்போட்டு உட்கார்ந்துவிட்டு, இறங்கியதும் குனிந்து தூக்குவது மோசமான சேர்க்கை. இறங்கியதும் ஐந்து நிமிடம் நடங்கள். ரசீதில் கையெழுத்து வாங்கும் வேலையை அப்போது முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் ஆளுக்குப் பாதிதானே?

காகிதத்தில் பாதி. உயரமானவரும் குள்ளமானவரும் சேர்ந்தால் கீழே இருப்பவர்மீது சாயும். மாடிப்படியில் பின்னால் இறங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவதற்குச் சமம். “ஒன்னு, ரெண்டு, தூக்கு” என்பதா, “ஒன்னு, ரெண்டு, மூனு” சொன்ன பிறகு தூக்குவதா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். என் இரண்டாவது பிடிப்பு இந்த ‘மூனு’வில்தான் வந்தது, கூடத் தூக்கியவர் இரண்டிலேயே தூக்கிவிட்டார்.

மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு?

உலகத்திலேயே மோசமான சுமை மனித உடம்புதான். கைப்பிடி கிடையாது, நடுவில் மடங்கும், வலித்தால் திடீரென்று துள்ளும், கீழே போட்டுவிடவும் முடியாது. சாதகமான நிலையிலேயே ஒரு பணியாளர் தாங்க வேண்டிய பாரம் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் கணக்கிட்டிருக்கிறார்கள். 60 கிலோ நோயாளியைப் படுக்கையில் மேலே இழுக்க நான்கு பேராவது வேண்டும் என்றாகிறது. இரவு ஷிப்டில் நான்கு பேருக்கு எங்கே போவது?

எனவே கையால் தூக்குவதையே விட்டுவிடுவதுதான் வழி. வழுக்கும் துணியை அடியில் விரித்து நகர்த்துவது, தூக்கும் இயந்திரம், உயரம் மாற்றக்கூடிய கட்டில். வேலை தொடங்கும் முன் கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். பல வார்டுகளில் அந்தப் பொத்தானை யாரும் தொடுவதே இல்லை என்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நோயாளி விழப்போகிறார் என்றால் தாங்கிப் பிடிக்கப் பாயாதீர்கள். தலை அடிபடாமல் மெதுவாகத் தரைக்கு இறங்க வழிவிடுங்கள்.

கர்ப்பிணிகள்?

வயிறு பெரிதாகப் பெரிதாகச் சுமை உடம்பிலிருந்து தள்ளிப் போகிறது. தூரக் கணக்கு அப்படியே இங்கேயும் வரும். சமநிலையும் மாறுகிறது, எலும்புகளை இணைக்கும் நார்கள் தளர்கின்றன. கனத்தைத் தூக்கும் வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும், அதுவும் அவர் கேட்கும் வரை காத்திருக்காமல்.

இப்போது பிடித்துக்கொண்டுவிட்டது. முதல் நாள் என்ன செய்வது?

தூக்குவதை நிறுத்துங்கள். “இந்த லோடை மட்டும் முடிச்சிட்டு” என்பதுதான் ஒரு வார வலியை ஒரு மாத வலியாக்குகிறது. முதலில் கீழே உள்ள அபாய அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வசதியான நிலையில் கொஞ்சம் படுங்கள், முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். வெந்நீர் ஒத்தடம் பலருக்கு இதம் தரும். அப்புறம் எழுந்து நடங்கள். வீட்டுக்குள்ளேயே ஐந்து ஐந்து நிமிடமாகப் போதும்.

படுக்கையிலேயே கிடப்பது பழைய வைத்தியம். 1986இல் அமெரிக்காவில் ஒரு பிரிவினருக்கு இரண்டு நாள், இன்னொரு பிரிவினருக்கு ஏழு நாள் படுக்கை ஓய்வு சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு நாள்காரர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவு; மற்றபடி குணமாவதில் வித்தியாசமில்லை. 1995இல் ஹெல்சின்கியில் செய்த ஆய்வில் படுக்கவே சொல்லாமல், முடிந்த அளவு வழக்கமான வேலைகளைப் பார்க்கச் சொன்னவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள்.

மாத்திரை விஷயத்தில், பாராசிட்டமால் நினைப்பதைவிடக் குறைவாகவே உதவுகிறது. 2014இல் ஆஸ்திரேலியாவில் 1,600-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனையில் பாராசிட்டமால் எடுத்தவர்களும் போலி மாத்திரை எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் தேறினார்கள். இபுப்ரோஃபென் போன்ற அழற்சி தணிக்கும் மாத்திரைகள் கொஞ்சம் பலன் தரும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எந்த அறிகுறிகள் வந்தால் உடனே ஓட வேண்டும்?

சிறுநீர் கழிக்க முடியவில்லை அல்லது கழிக்கும் உணர்வே தெரியவில்லை. மலம் கட்டுப்படவில்லை. சைக்கிள் சீட்டில் படும் இடம், அதாவது தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும், மரத்துப்போகிறது. இரண்டு கால்களும் பலவீனமாகின்றன. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, அந்த மணியே, அவசரப் பிரிவு. தண்டுவடத்தின் முடிவிலிருந்து குதிரைவால் போலப் பிரிந்து இறங்கும் நரம்புக் கற்றை நசுங்கிக்கொண்டிருக்கலாம். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போகலாம். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு பச்சையாக எழுதுகிறேன்.

பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குவது, காய்ச்சலோடு முதுகு வலி, உயரத்திலிருந்து விழுந்த பின் வலி, புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது இவற்றுக்கும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிடலாமா?

அபாய அறிகுறி இல்லாதவரை முதல் சில வாரங்களில் தேவையில்லை. வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015 ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 50 வயதில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. வலி இல்லாதவர்களுக்கு! ஆக உங்கள் ஸ்கேனில் தெரியும் புடைப்புதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அறிக்கையில் ‘தேய்மானம்’ என்ற சொல்லைப் படித்த நாளிலிருந்து குனியவே பயந்து, அந்தப் பயத்தாலேயே உடம்பு இறுகிப்போன நண்பர் எனக்கு உண்டு.

டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொடுகிறது என்கிறார்கள். அறுவைச் சிகிச்சைதான் வழியா?

பெரும்பாலோருக்கு இல்லை. பிதுங்கிய பகுதியை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுவது சாதாரணமாக நடப்பதுதான். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் பலருக்குக் கால் வலி நன்றாகக் குறைந்துவிடும். குறையாமல் வாட்டினால், கால் பலவீனம் கூடிக்கொண்டே போனால், அப்போது அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசலாம்.

எப்போது வேலைக்குத் திரும்பலாம்? வலி முழுசாகப் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. கொஞ்சம் வலியோடு திரும்புபவர்கள்தான் பெரும்பாலும் நன்றாகத் தேறுகிறார்கள். ஒரு நிபந்தனை: திரும்பும் வேலை பழைய வேலையாக இருக்கக் கூடாது. முதல் வாரம் இடுப்பு உயரத்தில் இலேசான வேலை, நடுநடுவே நடக்க இடைவெளி, பிறகு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. “லைட் டியூட்டி” என்று சொல்லி ஒரு மூலையில் ஸ்டூலில் எட்டு மணி நேரம் உட்கார வைப்பது தண்டனை, வைத்தியம் இல்லை.

ஒரு முறை வந்தவருக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். தொடர்ந்த உடற்பயிற்சி அதைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. எந்தப் பயிற்சி என்பதைவிட விடாமல் செய்வதுதான் பேச்சு.

சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டுமா? வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, என்றாலும் அன்றே சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன சுமை, எவ்வளவு உயரத்திலிருந்து, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று நான்கு வரி போதும். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில்தான் வலி தெரிந்தது என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். ஒரு வாரம் தாண்டிச் சொன்னால் “வீட்டில் எதையோ தூக்கியிருப்பார்” என்ற பேச்சு வந்துவிடும்; இழப்பீட்டுச் சிக்கல் முக்கால்வாசி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் முதலாளி. கையில் பெரிய பணம் இல்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தளத்துக்குப் போங்கள். தூக்குபவரின் கை தரையிலிருந்து எவ்வளவு உயரம், காலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளங்கள். பேலட்டின் (சரக்கு அடுக்கும் தட்டையான மேடை) தூரத்து மூலையில், அடி வரிசையில் இருக்கும் பெட்டியை ஒருவர் எடுப்பதைப் பாருங்கள். ஒரு காலில் நின்று, வயிற்றைப் பேலட் விளிம்பில் அழுத்தி, 60 செ.மீ. கை நீட்டி எடுப்பார். அந்தப் பெட்டிதான் உங்கள் பிரச்சினை. பேலட்டைச் சுற்றி நடக்க இடம் விட்டாலோ சுழலும் மேடையில் வைத்தாலோ 60 என்பது 30 ஆகும். நியோஷ் கணக்கில் தூக்கக்கூடிய எடை இரட்டிப்பாகிறது. காலிப் பேலட் ஒன்றின் உயரம் சுமார் 15 செ.மீ. இரண்டை அடியில் போட்டால் அடி வரிசை 30 செ.மீ. மேலே வந்துவிடும். அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம், இன்று மதியமே செய்யலாம். மேல் வரிசை தோளுக்கு மேல் போய்விடாமல் மட்டும் பாருங்கள்.

அடுத்து அலமாரி. அதிகம் நகரும் கனமான சரக்கை முட்டிக்கும் தோளுக்கும் நடுவே வையுங்கள். இலேசானவை மேலே, எப்போதாவது எடுப்பவை கீழே. பெரும்பாலான இடங்களில் சரக்கு வந்த வரிசையில்தான் அடுக்கியிருக்கிறது.

பிறகு பொட்டலத்தின் அளவு. 50 கிலோ மூட்டையை 25 ஆக்கச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். அதைவிட நல்லது, யாராலும் தூக்கவே முடியாத 500 கிலோ பையாக வாங்குவது. தூக்க முடியாது என்று தெரிந்தால் இயந்திரம் தானாக வந்துவிடும். ‘கஷ்டப்பட்டால் தூக்கிவிடலாம்’ என்ற எடைதான் ஆளை ஒடிக்கிறது.

டிராலி வாங்கினால் சக்கரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மாட்டிக்கொண்டு நிற்கும் சக்கரத்தை இழுப்பதே இன்னொரு முதுகுக் காயம். முடிந்த இடத்தில் இழுப்பதற்குப் பதில் தள்ளட்டும். மணிக்கு இத்தனை பெட்டி என்ற டார்கெட்டை வைத்திருக்கிறீர்கள் என்றால், அந்த எண்ணை நிர்ணயித்தவர் அரை நாள் அதே வேகத்தில் தூக்கிப் பார்க்கட்டும்.

தொழிலாளர்களைக் கேட்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு. எந்தப் பெட்டியை யாரும் எடுக்க விரும்புவதில்லை என்று கேளுங்கள். பதில் அரை நிமிடத்தில் வரும், எல்லோரும் ஒரே பெட்டியைத்தான் சொல்வார்கள்.

பெட்டியில் எடையே எழுதவில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

காலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள், அல்லது ஒரு மூலையை மட்டும் சாய்த்துப் பாருங்கள். காலியென்று நினைத்து வெடுக்கென்று தூக்கியது கனமாக இருந்தாலும் ஆபத்து, கனமென்று நினைத்தது காலியாக இருந்தாலும் ஆபத்து. கனம் ஒரு பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் உங்கள் வயிற்றை ஒட்டி வரட்டும். தராசு பக்கத்தில் இருந்தால் நிறுத்துப் பார்த்து, எடையை மார்க்கர் பேனாவால் பெட்டியின் மேல் பெரிதாக எழுதிவிடுங்கள். அடுத்த ஷிப்டில் இன்னொருவர் அதைத் தூக்க வருவார்.